முதல் கிளாஸுக்கு முன்னால்

எங்கள் பக்கத்தில் கவுன்சிலர் என்றால் ஒரே அர்த்தம்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, போய் நிற்கவேண்டிய வாசல் அவருடையது. ஓட்டு வாங்கி ஜெயித்தவர். குடியை நிறுத்த வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவருக்கும் அதே பெயர்தான் என்பது திருவொற்றியூரில் அனேகம் பேருக்குத் தெரியாது. எனக்கே அந்த வேலையில் சேரும்வரை தெரியாது.

அதனால் நான் மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலராகச் சேர்ந்த முதல் மாதமே எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமே, கவுன்சிலர் ஆயிட்டியாமே? ஒரு வார்த்த சொல்லல. எங்கூட்டு முன்னாடி மூணு நாளா கலீஜ் தண்ணி நின்னுகினு கீது, வந்து பாரு ஒரு தபா."

"நான் அந்த கவுன்சிலர் இல்லக்கா. குடிக்கிறவங்களுக்கு…"

"குடிக்கிறவங்களுக்குத் தனியா கவுன்சிலர் வச்சிட்டாங்களா! வெக்காம இன்னா பண்ணுவாங்க, ஓட்டு போட்றவன்ல பாதி அவன்தானே."

இப்படிச் சிரிப்பாக ஆரம்பித்ததைத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எழுத வந்தது அந்தப் பெயரைப் பற்றி அல்ல. நெட்டுக்குப்பத்துத் தம்பி ஒருவனைப் பற்றி. எனக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு இருந்தது. முதல் கிளாஸை எடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ண வேண்டும். அவ்வளவுதான். குடிக்கக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கவில்லை. போன் பண்ணு, பேசு, அப்புறம் உன் இஷ்டம். அவன் அதற்குத் தலையாட்டினான். அந்தப் போனில்தான் அவன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

நான் எட்டாவதோடு நின்றவள். ராயபுரத்தில் இறால் உரிக்கிற கொட்டகையில் பதிமூன்று வயதில் உட்கார்ந்தேன். ஐஸ் தண்ணீரில் விரல் நுனி வெந்துபோய், மெழுகுவர்த்தி பிடிக்கவும் முடியாமல் மாதா கோயிலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கல்யாணம் ஆனது துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலில் இரும்புக் கம்பியால் கட்டுகிற ஒருவரோடு. நல்ல மனிதர். குடித்தார். எங்கள் மையத்தில் இரண்டு தடவை சேர்த்தேன். இரண்டாம் தடவை வெளியே வந்து மூன்று மாதத்தில் கல்லீரல் போய் இறந்தார்.

அவரோடு வாழ்ந்த பதினாறு வருஷத்தில் எனக்கு ஒரு காது வளர்ந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே இன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். போனில் 'ஹலோ' என்று சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சிலேயே தெரிந்துவிடும். இயல்பிலேயே நான் பயந்தவள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், பஸ் ஏறியபிறகு கேஸை மூடினோமா என்று இறங்கிவிடுவேன். கணவரைப் பார்க்க வரும் நாளில் மையத்து வராந்தாவில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, "உங்காளு ராத்திரி எத்தன தபா எழுந்தாரு, கை நடுங்குதா, சோறு இறங்குதா" என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்துத்தான், அவர் போன பிறகு, மையத்தை நடத்துகிற சார் கூப்பிட்டனுப்பினார்.

"வேலைக்கு வர்றியாம்மா? கவுன்சிலர் வேலை."

"சார், நான் எட்டாவது."

"நான் பதினோரு வருஷம் குடிச்சவன். அதைவிடவா?"

சார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். குடியை விட்டபிறகு நாற்பது வயதில் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கி வைத்திருந்தார். அந்தக் காகிதம் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது. என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை பிளாஸ்டிக் போட்டு வைத்தேன்.

எங்கள் மாதிரி இடங்களில் யார் வேலை செய்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. குடித்து, விட்டு, வேறு எங்கும் வேலை கிடைக்காத நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி அறுத்த என்னைப் போன்றவர்கள் ஒன்றிரண்டு பேர். அப்புறம் சமூகப்பணி படித்துவிட்டு நேராக வருகிற சின்னப் பெண்கள். இந்தப் பெண்கள் வந்தால் ஒரு வருஷம். கல்யாணம், இல்லையென்றால் நல்ல சம்பளத்தில் வேறு வேலை. அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். எனக்குப் பன்னிரண்டாயிரம் சம்பளம். மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறவர் நல்ல சீசனில் அதைவிட அதிகம் பார்ப்பார். படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் பாதி அவர்கள் படிப்புக் கடனுக்குப் போகும்.

அந்தத் தம்பி வந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. நெட்டுக்குப்பத்துக்காரன். எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பான். கழுத்தில் ஓலைக்கூடை தொங்கும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்த சேறு அது. கையெல்லாம் வெடித்து, நகத்துக்கடியில் சாம்பல் நிறம் போகவே போகாது.

முதல் நாளே என்னைக் கேட்டான்: "நீ இன்னா படிச்ச, கவுன்சிலர் அக்கா?"

"எட்டாவது. அப்பால இறால் உரிச்சேன்."

அவன் முகம் மாறியது. "ராயபுரத்துலயா? அப்ப நான் புடிச்சத நீ உரிச்சிருப்ப."

"நீ பொறக்கவே இல்ல அப்ப."

"எங்க நைனா புடிச்சிருப்பாரு. அட, ஒறவுக்காரங்களா ஆயிட்டோம்!"

அவன் ஏன் குடிக்கிறான் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "தண்ணில நிக்கிறவனுக்கு தண்ணி இல்லாம முடியாதுக்கா. நீ ஒரு நாள் வந்து நின்னு பாரு, இடுப்புக்குக் கீழ இன்னா கீதுன்னே தெரியாது." வீட்டில் மனைவி, ஒரு பெண் குழந்தை. மனைவி தெருவில் இறால் விற்பாள். அவளை அவன் அடித்ததில்லை. ஆனால் விற்ற துட்டைக் கூடையிலிருந்தே எடுத்துவிடுவான்.

நாற்பத்தைந்து நாள் இருந்தான். போகும்போதுதான் அந்தப் போன் பேச்சு. நான் எல்லோரிடமும் சொல்வது அது. சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்ய மாட்டார்கள். இவன் செய்தான். முதல் மாதத்தில் தினம் இரண்டு தடவை. பிறகு வாரத்துக்கு மூன்று. எனக்கு ஒரு வழிமுறை இருந்தது. குடிக்காதே என்று சொல்லவே மாட்டேன். இன்றைக்கு எவ்வளவு இறால் கிடைத்தது, வெள்ளை இறாலா, வேறா, யார் விலைக்கு எடுத்தது, வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே போவேன். பத்து நிமிஷம் பேச்சில் இழுத்துவிட்டால் போதும். அந்த வெறி ஏறிய மாதிரியே இறங்கிவிடும். அவனுக்கும் அது தெரிந்துபோயிற்று. "தோ, ஆரம்பிச்சிட்டியா? இன்னிக்கு வூட்ல இறால் இல்ல, கருவாடு. போதுமா?" என்பான். சிரிப்பான். போய்விடும்.

போன் வராவிட்டாலும் எனக்குப் பயம். வந்தாலும் பயம். குளிக்கப் போனால் போனைச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பேன். என் மகள் திட்டுவாள். "யம்மா, அப்பாவுக்குக் கூட இப்டி பண்ணல நீ." உண்மைதான். அப்போது எனக்கு எப்படி என்று தெரியாது.

ஏழு மாதம் அவன் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மையத்தைப் பார்வையிட அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர், கையில் பெரிய பட்டியல். கட்டில் எத்தனை, கழிவறை எத்தனை, கவுன்சிலர் எத்தனை, அவர்கள் படிப்பு என்ன. ஒவ்வொரு நோயாளிக்கும் நாங்கள் எழுதுகிற கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் தமிழில், எனக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருந்தேன். அவர்களில் ஒருவர் என் எழுத்தைச் சத்தமாகப் படித்தார்.

"'இன்று கை நடுக்கம் குறைவு. மகளுக்கு ரிப்பன் வாங்கினேன் என்றான். பொய் சொல்லவில்லை.' என்னம்மா இது, டைரியா?"

நான் பிளாஸ்டிக் போட்ட சான்றிதழை நீட்டினேன். அவர் மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தார். "இது போதாதும்மா. டிகிரி வேணும்."

அவர்கள் போனபிறகு சார் என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உன்னை அனுப்ப மாட்டேம்மா. ஆனா கவுன்சிலர்னு பேர் போட முடியாது. வார்டு உதவியாளர்னு போடறேன். சம்பளம் கொஞ்சம் குறையும். பேஷன்ட் கூடத் தனியா உக்காந்து பேசக் கூடாது. வெளியே போனவங்ககிட்ட போன்லயும் கூடாது. மறுபடி வந்து பாத்து, படிக்காதவங்க கவுன்சிலிங் பண்றாங்கன்னு எழுதிட்டாங்கன்னா மையத்துக்கே பூட்டு. உள்ள நாப்பது பேர் இருக்காங்க. அவங்களை நெனச்சிக்கோ."

நாற்பது பேரை நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்றவளிடம் அப்படிச் சொல்லவே கூடாது. எந்த நேரமும் அந்த நாற்பது பேரும் பாய் தலையணையோடு தெருவில் நிற்பது மாதிரியே கண்ணில் வந்துகொண்டிருந்தது.

என் இடத்துக்கு ஒரு மேடம் வந்தார். இருபத்து நான்கு வயது. வேலூர்ப் பக்கத்துப் பெண். பெரம்பூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். நல்ல பெண். நன்றாகப் படித்தவர். அப்பா வயசு ஆண்கள் எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்பார்.

"அக்கா, 'ரவ கட்டிங் உட்டேன்'றாரே, அப்படின்னா எவ்வளவு?"

"குவார்ட்டர்ல பாதி மேடம்."

"'ரவ'ன்னா?"

"கொஞ்சூண்டுன்னு அர்த்தம். ஆனா ரவன்னு சொன்னா முழு குவார்ட்டர்னு எழுதிக்கோங்க."

சிரித்தார். எழுதிக்கொண்டார். என் பழைய ஆட்களின் பெயர்களையெல்லாம் அவரிடம் ஒப்படைத்தேன். நெட்டுக்குப்பத்துத் தம்பியைப் பற்றி மட்டும் தனியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவனுக்கு மட்டும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. அடுத்த தடவை கூப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு வாரம் அவன் கூப்பிடவில்லை. நன்றாக இருக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்படக்கூடச் செய்தேன்.

அவன் கூப்பிட்டது ஒரு மத்தியானம். வார்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பார்வையிட வருகிறவர்கள் அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை வந்திருந்தார்கள். சார் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன்.

"அக்கா. போன் பண்ணச் சொன்ன இல்ல? பண்ணிட்டேன்."

காதைக் கொடுத்துக் கேட்டேன். மூச்சு சுத்தமாக இருந்தது. அவன் குடித்திருக்கவில்லை. ஆனால் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அது எனக்குத் தெரிந்த சத்தம். வெறி ஏறுகிற சத்தம்.

"எங்கப்பா கீற?"

"இன்னா, கெணத்துல இருந்து பேசறியா? கொரலு அப்டி வருது."

"எங்க கீறன்னு சொல்லு."

"கடை பக்கத்துல. உள்ள போவல. வெளிய குந்திகினு கீறேன். பத்து நாளா தண்ணில ஒண்ணியும் கெடைக்கலக்கா. எண்ணெய் வாட வருது. கொயந்தைக்கு ஜுரம். வூட்ல பேஜாரு. அதான்."

இறால் கேள்வியை ஆரம்பித்திருக்க வேண்டும். குழந்தைக்கு எத்தனை நாளாக ஜுரம், யாரிடம் காட்டினாய், கஞ்சி குடிக்கிறதா என்று இழுத்திருக்க வேண்டும். பத்து நிமிஷம். என் வாய் வரைக்கும் வந்தது. அப்போது மேலே சார் அறைக் கதவு திறந்தது. படியில் ஷூ சத்தம் கேட்டது. யாரோ கை கழுவ இறங்கி வருகிறார்கள். எனக்கு அந்த நாற்பது பேரும் கண்முன் வந்து நின்றார்கள்.

"தம்பி, நான் இப்ப கவுன்சிலர் இல்லப்பா. மாத்திட்டாங்க. வேற மேடம் வந்துக்கீறாங்க. அவங்க நம்பர் தரேன், உடனே பேசு."

பின்னால் ஒரு லாரி போகிற சத்தம். அப்புறம் சிரித்தான்.

"இன்னாக்கா, எலெக்‌ஷன்ல தோத்துட்டியா?"

நானும் சிரித்தேன். பயத்தில் சிரித்தேன். ஷூ சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

"ஆமாப்பா. டெபாசிட்டே போச்சு. இப்ப வார்டு உதவியாளர்."

"வார்டு மட்டும் கீதா? சர்தான். ஜெயிச்சவங்க நம்பரக் குடு."

சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவன் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னான், கடைசி எண்ணை மாற்றிச் சொன்னான், திருத்தினேன்.

"வெச்சிர்றேன்க்கா. நீ பயந்துகினு கெடக்காத."

மேடம் அன்றைக்கு லீவு. பேங்க் வேலை என்று சொல்லியிருந்தார். லீவாக இருந்தாலும் போனை எடுப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைத்துக்கொண்டேன். கை கழுவ வந்தவர் என்னைப் பார்த்து, "சாப்பாடு ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் போனில் பேசியதை அவர் கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மையத்தை விட்டு வெளியே வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டேன். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மறுநாள் காலையில் அவன் கழிமுகத்தில் இறங்கியிருக்கிறான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து குடித்த உடம்போடு, போகும்போதும் வாங்கிக் குடித்துவிட்டு. மற்றவர்கள் பார்த்தபோது குப்புற மிதந்தானாம். கழுத்தில் கூடை இருந்ததாம். அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். தினம் நிற்கிற இடம்.

மேடம் திங்கட்கிழமை வந்து தன் போனை என்னிடம் காட்டினார். அன்றைக்கு அவர் பேங்குக்குப் போகவில்லை. வேறு கம்பெனி ஒன்றில் நேர்முகத்துக்குப் போயிருந்தார். உள்ளே போகும்போது போனைச் சத்தம் வராமல் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. அடுத்தடுத்து.

"மார்க்கெட்டிங் காலா இருக்கும்னு விட்டுட்டேன்க்கா," என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். சின்னப் பெண். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த மாதமே அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே ஆட்களை வேலைக்கு எடுக்கிற பிரிவாம். சனி ஞாயிறு லீவு. அவர் போனது நல்லதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் மனைவி மையத்துக்கு வந்தாள். பார்வையாளர் வராந்தாவில், நான் முன்னொரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தை ரிப்பன் கட்டிக்கொண்டு மடியில் இருந்தது. அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தாள். அவனுடையது. தண்ணீரில் இறங்கும் முன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"போலீஸ்ல இத்த வாங்கிப் பாத்தாங்கக்கா. கடைசியா கவுன்சிலர் அக்கான்னு ஒருத்தர்கிட்ட பேசிக்கீறாரு, எந்த வார்டு கவுன்சிலர்மான்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

பட்டனை அழுத்தி அந்தப் பெயரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நீதானேக்கா அது?"

"நான்தாம்மா."

"இன்னா பேசினாரு?"

எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கவுன்சிலர் இல்லை என்று நான் சொன்னது, எலெக்‌ஷனில் தோற்றுவிட்டாயா என்று அவன் கேட்டது, டெபாசிட் போய்விட்டது என்று நான் சொன்னது, எல்லாம். கையை ஓங்கி என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

அவள் குழந்தையின் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். நன்றாகக் கட்டியிருந்ததைத்தான் அவிழ்த்தாள்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க, அவன் நிறுத்தவே இல்ல, ஏழு மாசமும் உன்ன டபாய்ச்சிகினு இருந்தான்னு. எங்கம்மாவே சொல்லுது." அவள் போனைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தாள். "அவரு என்கிட்ட சொல்லிருந்தாரு. குடிச்சா குடிப்பேன், ஆனா அக்காவுக்கு ஒரு போன் போட்டுட்டுதான் குடிப்பேன்னு. அதான் உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

"கேளும்மா."

"உனக்கு கொரலு கேட்டாலே தெரிஞ்சிடும்னு சொல்லுவாரு. அன்னிக்கு உனக்குப் பண்ணாரே, குடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணாரா, குடிச்சிட்டுப் பண்ணாரா?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடிதாம்மா," என்றேன்.